அலைக்கலமும் முத்துச்சிப்பியும்

ஒரு தொழிலைச் செய்யக் கற்றுக்கொள்ளுதல் வேறு. கற்றதனை விடாது செய்து, அதனால் பயன்கொண்டு வாழ்தல் வேறு. முன்னதற்கு அறிவும் முயற்சியும் அமையும். பின்னதற்கு அவற்றோடு பொறுமையும் நாட்டாரின் துணையும் வேண்டும். இவ்வேறுபாட்டினை உணராத நாடு, அரிதிற் பெற்றதனை எளிதில் இழக்கும். அதற்கு எம் தூத்துக்குடிக் கரையே சான்று. அச்சான்றினை முதற்கண் கூறி, பின்னர் நம் நாட்டு விஞ்ஞானிகள் அண்மையில் அரிதிற் கற்றுள்ள பிறிதொரு தொழிலைப் பற்றிச் சில எழுதத் துணிகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன உரிமை என்று வினவுவார்க்கு இறுதியில் விடை கூறுவேன்.

கொற்கை முத்தின் பெருமையை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசுகின்றன. கிரேக்க மாலுமிகளும், பின்னாளில் மார்க்கோ போலோவும் இக்கடற்கரையின் முத்துக்குளிப்பைக் குறித்து வைத்துள்ளனர். அத்தொழில் 1961 ஆம் ஆண்டுச் சலாபத்தோடு தூத்துக்குடியில் நின்றுபோயிற்று. கடலடியில் உள்ள பார்களில் சிப்பிகள் போதிய அளவு விளையாமையே அதற்குக் காரணம். அவ்வாண்டில் என் பாட்டனார் பதினாறு வயதினர். வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவர். குளிப்பவர் கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்குவார்; கயிறு பிடிப்பவர் மேலே நின்று, கயிற்றின் அசைவைக் கொண்டு குறிப்பறிந்து இழுப்பார். முந்தி இழுத்தால் சிப்பி இல்லை, பிந்தி இழுத்தால் ஆள் இல்லை என்று பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இச்சொல்லை நினைவிற் கொள்க. மேலே இது பயன்படும்.

இயற்கை கைவிட்டதனை அறிவு மீட்டது. 1973 ஆம் ஆண்டில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த டாக்டர் கே. அழகர்சாமி முதலியோர் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தினை விளைவித்துக் காட்டினர். சிப்பி ஓட்டினின்று கடைந்தெடுத்த சிறு மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் தசைத்துணுக்கு ஒன்றையும் உயிருள்ள சிப்பியின் உடலிற் செலுத்தினால், அத்தசை வளர்ந்து மணியைச் சூழ்ந்து, அதன்மேல் முத்துப்பொருளை அடுக்கடுக்காகச் சுரக்கும். ஜப்பானியர் பல்லாண்டுகள் தமக்கே உரியதாய் வைத்திருந்த இவ்வித்தை நம் கரையிலும் கைகூடிற்று. அன்று பத்திரிகைகள் மகிழ்ந்தன, அறிஞர் மகிழ்ந்தனர். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. நம் கடற்கரையில் அது பெருந்தொழிலாக வளர்ந்ததா? இல்லை. இன்று உலகச் சந்தையில் மலிந்து கிடப்பது சீன நாட்டு நன்னீர் முத்து. காரணங்கள் பல கூறுவர். ஒருவரையே குறைகூறுதல் முறையன்று. ஆயினும் செய்யக் கற்ற வித்தை ஆய்வகத்தின் வாயிலைக் கடந்து வாழ்க்கைக்குள் புகவில்லை என்பது மறுக்கவொண்ணாதது. தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்தவன் கதை நாம் அறியாததன்று.

இனி, யான் எழுதக் கருதிய பொருளுக்கு வருகின்றேன். விடுதியில் என் அறைத்தோழர் இயற்பியல் மாணவர். ஓர் இரவு அவர் ஒரு படத்தைக் காட்டினார். மணிகள் சில கோத்தாற்போன்ற வடிவினதாய், வெள்ளி நிறத்ததாய், ஒரு முழத்தினும் சிறிது மிகுந்த நீளமுடையதாய் ஓர் உலோகக் கலம் அதில் இருந்தது. இது நியோபியம் என்னும் உலோகத்தாற் செய்தது. இதனைச் செய்யத் தெரிந்த நாடுகள் சிலவே. நம் நாடும் அவற்றுள் ஒன்று என்றார் அவர். ஆங்கிலத்தார் இதனைக் குழி என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். வானொலி அலைகளைத் தன்னுள் அடக்கி வைத்தலின் இதனை அலைக்கலம் என்று யான் அழைக்கின்றேன்.

இக்கலம் எதற்கு? எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகையில், காந்தத்தால் அவற்றின் பாதையை வளைத்தால் அவை ஒளியைச் சிந்தும். 1947 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இவ்வொளி முதன்முதற் கண்ணாற் காணப்பெற்றது. எலக்ட்ரான்களின் ஆற்றலை வீணாக்கும் இடையூறாகவே அதனை முதலிற் கருதினர். பின்னர், இதனினும் கூரிய எக்ஸ்-கதிர் பிறிதில்லை என்று கண்டு, இவ்வொளிக்காகவே வளையங்கள் அமைக்கலாயினர். சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், உயிரணுவினுள் புரதம் நெய்யும் ரைபோசோமின் வடிவத்தை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2009 இல் மற்றிருவரோடு நோபெல் பரிசு பெற்றார் அன்றோ? அவ்வடிவம் புலப்பட்டது இத்தகைய வளையங்களின் ஒளியினாலேயே. சிப்பியின் முத்துப்பொருள் எவ்வாறு செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கப்பட்டுள்ளது என்பதனையும் இவ்வொளி கொண்டு ஆராய்கின்றனர். சிப்பி ஓட்டின் வண்ணங்களைத் தம் காலத்துக் கருவிகளால் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதிய சர் சி. வி. இராமன் இன்றிருப்பின், இதனைக் கண்டு உவந்திருப்பார்.

நம் நாட்டில் இத்தகைய வளையங்கள் இரண்டு உள. இரண்டும் இந்தூர் நகரில், அணுசக்தித் துறையைச் சார்ந்த ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இருப்பவை. இண்டஸ்-1 என்னும் சிறு வளையம் 1999 இல் ஒளி தந்தது. இண்டஸ்-2 என்னும் பெரிய வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர், அதில் எலக்ட்ரான்கள் 250 கோடி எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலோடு, ஒரு விநாடிக்கு 17 லட்சம் முறைக்குமேல் வலம் வருகின்றன. ஒவ்வொரு வலத்திலும் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஏறத்தாழ 6 லட்சத்து 23 ஆயிரம் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலை ஒளியாகச் சிந்திவிடுகின்றது. சிந்தியதனை உடனுக்குடன் ஈடுசெய்யாவிடின், கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு கூற்றிலேயே அவை வழி பிறழ்ந்து குழாயின் சுவரில் மோதி மடியும்.

அவ்வீட்டினைச் செய்வது அலைக்கலம். அதனுள் வானொலி அலை முன்னும் பின்னுமாக அதிர்ந்துகொண்டிருக்கும். எலக்ட்ரான் கூட்டம் அதன் வழியே புகும் நொடியில் அலை முன்னோக்கித் தள்ளுமானால், இழந்த ஆற்றல் திரும்பக் கிட்டும். பின்னோக்கித் தள்ளுமானால் உள்ளதும் போம். இண்டஸ்-2 இல் இவ்வலை விநாடிக்கு 50 கோடி முறைக்கு மேல் அதிர்கின்றது. முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. என் பாட்டனார் கயிறு பிடித்த நினைவே எனக்கு வந்தது. அவருக்கு ஒரு குளியில் ஒருமுறை வந்த பொறுப்பு, இக்கலத்திற்கு ஒரு விநாடியிற் பல கோடி முறை வருகின்றது.

இண்டஸ்-2 இன் அலைக்கலங்கள் செம்பினாலானவை. செம்பு நல்ல கடத்தியே. ஆயினும் அலை அதிருங்கால் அதன் சுவரிலும் மின்னோட்டம் ஓடி வெப்பம் பிறக்கும். நாம் செலுத்தும் ஆற்றலில் கணிசமான பகுதி எலக்ட்ரானைச் சேராமலே கலத்தைச் சுடவைத்துக் குளிர்நீரோடு கழிந்துபோம். வெப்பம் மிகுமாதலின் ஒரு கலத்தில் ஓரளவிற்குமேல் அழுத்தம் ஏற்ற இயலாது. ஆகவே கலங்கள் பல வேண்டும். கலங்கள் பலவாயின், ஓடுகின்ற எலக்ட்ரான் கூட்டமே அவற்றினுள் வேண்டாத அலைகளை எழுப்பிப் பின்வரும் கூட்டத்தை அலைக்கழிக்கும்.

நியோபியமோ, ஏறத்தாழ -264 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் மீக்கடத்தியாகின்றது. அஃதாவது மின்னோட்டத்திற்குத் தடை காட்டாத நிலையை அடைகின்றது. அதிரும் அலைக்கு அத்தடை முற்றும் இல்லாது போவதில்லை. எனினும் செம்பிற் காணும் இழப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இதற்காகக் கலத்தைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, -269 பாகையளவிற் குளிர்வித்து வைக்க வேண்டும். அக்குளிர் எளிதிற் கிடைப்பதன்று. அங்கே தோன்றும் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற இங்கே சில நூறு வாட் மின்சாரம் செலவாகும். அச்செலவைக் கழித்த பின்னும் மிச்சம் பெரிதே. செலுத்திய ஆற்றலில் ஏறக்குறைய முழுமையும் எலக்ட்ரானுக்கே சேரும். கலங்கள் சிலவே போதும். அவற்றின் வாயையும் அகலமாக அமைத்து, வேண்டாத அலைகளை வெளியேற விடலாம்.

அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1999 ஆம் ஆண்டளவில் தம் வளையத்தை இத்தகைய கலங்களால் ஓட்டிக் காட்டினர். கனடா, தைவான், இங்கிலாந்து, ஷாங்காய் முதலிய இடத்தார் அவ்வழியே சென்றனர். ஜெர்மனியில் 2017 இல் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசரில் ஏறத்தாழ 800 நியோபியக் கலங்கள் வரிசையாக நிற்கின்றன.

இக்கலத்தைச் செய்யும் தொழில் எத்தகையது என்பதனை அறிதல் வேண்டும். மிகத் தூய நியோபியத் தகட்டினை, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்ததாக, கிண்ணம் போல் அழுத்தி வளைப்பர். இரண்டிரண்டு கிண்ணங்களைக் காற்று நீக்கிய அறையில் எலக்ட்ரான் கற்றையால் உருக்கி ஒட்டுவர். காற்று படின் உலோகம் கெடும். பின்னர் அமிலத்தால் உட்புறத்தை அரித்து மெருகேற்றுவர்; உலையிற் சுடுவர்; மிகத் தூய நீரை மிகுந்த அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவுவர்; தூசியற்ற அறையில், தலைமுதல் அடிவரை வெள்ளுடை போர்த்தவர் அதனைப் பூட்டுவர். உட்புறத்தில் ஒரு துகள் தங்கினும், ஒட்டிய இடத்தில் ஒரு சிறு புள்ளி பழுதுபடினும், அங்கே வெப்பம் பிறந்து மீக்கடத்தும் தன்மை அழியும். சிப்பி தன்னுள் புகுந்த அயற்பொருளைப் போர்த்து முத்தாக்கிக்கொள்ளும். நியோபியக் கலத்திற்கு அப்பெருந்தன்மை இல்லை. ஆகவே, நூலைப் படித்த அளவில் இத்தொழில் வந்துவிடாது. கையும் கண்ணும் பல்லாண்டு பழகவேண்டும். பழகிய கைகள் ஓய்வு பெற்று, அவற்றின் அருகிருந்து பழகும் இளைய கைகள் இல்லையாயின், தொழிலும் அவற்றோடே போம்.

நம் நாட்டார் இதனைக் கற்றனர் என்பது பெருமைக்குரியது. தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தார் நியோபியக் கலங்களைத் தாமே செய்து, தம் முடுக்கியில் ஓட்டி வருகின்றனர். இந்தூர் மையத்தார் அவர்களோடு கூடியும் தனித்தும் பலவகைக் கலங்களைச் செய்துள்ளனர். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் அமைத்துவரும் புதிய புரோட்டான் முடுக்கிக்குக் கலங்களையும் கருவிகளையும் அளிக்கும் பணியில் நம் அணுசக்தித் துறையின் நிலையங்கள் பங்கு கொண்டுள்ளன. ஆனால், நம் நாட்டு ஒளிவளையத்தில் மட்டும் இன்றுவரை மீக்கடத்தி அலைக்கலம் ஒன்றும் இல்லை. நம் ஆராய்ச்சியாளர் இண்டஸ்-2 இன் ஒளி போதாதபோது, ஜப்பானில் சுகுபா நகருக்கும், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கும், இத்தாலியில் திரியெஸ்தே நகருக்கும் செல்கின்றனர். அங்கே இந்திய அரசின் பொருளுதவியால் ஒளிவழிகள் அமைக்கப்பெற்றுள்ளன. செல்லுதல் தவறன்று. என்றும் சென்றுகொண்டே இருத்தல்தான் தவறு.

ஆகவே என் கருத்து இதுவே: நம் நாட்டில் இதனினும் பெரிய ஒளிவளையம் அமைப்பது குறித்து அறிஞர் பேசிவருகின்றனர். அது கட்டப்பெறும் நாளில், அதன் அலைக்கலங்கள் நம் நாட்டிற் செய்த நியோபியக் கலங்களாகவே இருத்தல் வேண்டும். அதுவரை வாளா இராது, இண்டஸ்-2 இலேயே ஒரு கலத்தையேனும் பூட்டி ஓட்டிப் பழகுதல் நன்று. இல்லையேல் 1973 ஆம் ஆண்டு முத்தின் கதையே இதற்கும் நேரும்.

இதற்கு மறுப்புரைப்பார் உளர். ஏழைகள் மலிந்த நாட்டில் இத்துணைச் செலவு தகுமா என்பர் சிலர். எளிய மீனவர் குடியிற் பிறந்த எனக்கு அவ்வினாவின் நியாயம் தெரியும். ஆனால் மருந்தாய்விற்கும், பயிராய்விற்கும், உலோகத் தொழிலுக்கும் உதவும் ஒளி ஏழைக்கு அயலானதன்று. அதனைப் பிறர் நாட்டிற் பெறுவதற்கு ஆகும் செலவும் ஏழையின் வரிப்பணமே. மேலும், இரவும் பகலும் ஓடும் வளையத்தில் மின்சாரச் செலவைக் குறைப்பதே இக்கலத்தின் தொழில்.

செம்பே போதாதா என்பர் வேறு சிலர். இது வலிமையுடைய மறுப்பு. பிரெஞ்சு நாட்டில் கிரெனோபிள் நகரத்து வளையமும், சுவீடனில் லுண்டு நகரத்து வளையமும் உலகின் தலைசிறந்த ஒளிமூலங்களுள் வைத்து எண்ணப்படுவன. இரண்டும் செம்புக் கலங்களாலேயே ஓடுகின்றன. குளிர்பதன ஆலை பழுதுற்றால் வளையம் முழுதும் நிற்கும் என்னும் இடரும் செம்பிற்கு இல்லை. இவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும், செம்பினை நன்கறிந்தவர் செம்பினைத் தேர்தல் வேறு. நியோபியத்தைக் கையாள அஞ்சிச் செம்பில் தங்குதல் வேறு. இத்தொழில் ஒளிவளையத்தோடு முடிவதுமன்று. புரோட்டான் முடுக்கிகளுக்கும், புதிய வகை எக்ஸ்-கதிர் லேசர்களுக்கும் இதுவே உயிர்நாடி. ஒளிவளையத்திற் பழகிய கை பிறவற்றிற்கும் உதவும்.

ஹீலியம் பிறநாட்டிலிருந்து வரவேண்டியுள்ளதே என்பர் மற்றுஞ் சிலர். உண்மை, ஆயினும் ஒருமுறை வந்த ஹீலியத்தை மூடிய குழாயினுள் மீண்டும் மீண்டும் சுழற்றிப் பயன்கொள்ளலாம். இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட விழைகின்றேன். 1908 ஆம் ஆண்டில் லெய்டன் நகரத்துக் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911 இல் அக்குளிரிலேயே மீக்கடத்தும் தன்மையைக் கண்டார். அவர் ஹீலியம் பெற்றது எதிலிருந்து? மோனசைட்டு என்னும் கனிமணலைச் சூடாக்கி அதிலிருந்து பெற்றார். அவருக்கு அது அமெரிக்காவிலிருந்து வந்தது. மறு ஆண்டில், 1909 இல், அதே மோனசைட்டு நம் குமரிக்கரையின் மணவாளக்குறிச்சியிற் கண்டறியப்பெற்றது. நாம் காலால் மிதித்து நடந்த மணலில் என்ன இருந்தது என்பதனைப் பிறர் வந்து சொல்லவே அறிந்தோம். அம்மணலே இன்று நம் ஹீலியத் தேவையைத் தீர்க்கும் என்று யான் கூறவில்லை. அறியாமையால் இழப்பது எளிது என்றே கூறுகின்றேன்.

இனி, முதலில் ஒத்திவைத்த வினாவிற்கு வருகின்றேன். தமிழ் மாணவனுக்கு இதில் என்ன உரிமை? என் அறைத்தோழர் அன்றிரவு இவற்றையெல்லாம் ஆங்கிலத்திற் சொல்லத் தொடங்கினார். தமிழிற் சொல்லுக என்றேன், திகைத்தார். பின்னர் இருவருமாய் விடியுமளவும் சொல் தேடினோம். கயிறு, கலம், ஊஞ்சல், குளிர் என்று எளிய சொற்களாற் சொல்லிப் பார்த்தபோது, அவருக்கே சில இடங்கள் அப்பொழுதுதான் தெளிவாயின என்றார். விடுமுறையில் அதனையே என் பாட்டனாரிடம் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, அந்தக் கலத்துக்குக் கயிறு பிடிப்பவன் யார் என்று வினவினார். அலையின் அதிர்வை நொடிதோறும் அளந்து திருத்தும் கருவிகள் உண்டு. அவற்றைக் காக்கும் பொறிஞர் இரவும் பகலும் விழித்திருப்பர் என்றேன். அப்படியானால் நம்முடைய பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகலாமே என்றார். அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

அப்பிள்ளைகள் போகவேண்டுமாயின், அப்படி ஒரு தொழில் உண்டு என்பது அவர்கள் செவிக்கு எட்டவேண்டும். எட்டுவது தாய்மொழியில் இருத்தல் வேண்டும். 1978 இல் தொடங்கிய கனநீர் ஆலை எம் ஊரிலேயே உள்ளது. குலசேகரன்பட்டினத்தில் விண்கலம் ஏவும் தளத்திற்கு 2024 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. பெரிய விஞ்ஞானம் எம் கரைக்குப் புதியதன்று. அதனை எம் மக்களுக்கு எடுத்துரைக்கும் உரைநடைதான் இன்னும் போதாது. இயற்பியல் மாணவர் பொருளறிவார். தமிழ் மாணவர் சொல்லறிவார். இருவரும் நம் கல்லூரியில் ஒரே விடுதியில் உண்டு உறங்கியும், மூன்றாண்டும் ஒருவர் நூலை ஒருவர் திறந்து பாராமற் பிரிகின்றோம். இஃது எவர் குற்றமும் அன்று; நம் குற்றமே.

ஆதலின் உடன்பயிலும் நண்பர்களே, ஒன்று செய்வோம். வரும் ஆண்டின் மலரில் விஞ்ஞான மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் கூடி எழுதிய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறுக. நம் பழைய மாணவருள் ஆய்வகங்களிற் பணியாற்றும் பெரியோர், தம் தொழிலைத் தமிழில் ஒரு பக்கம் எழுதியனுப்புக. நாட்டை ஆள்வோர் நியோபியக் கலத்தைப் பூட்டுவாரோ பூட்டாரோ, அது நம் கையில் இல்லை. கற்றதனைப் புதையாது பிறர்க்கு உரைத்தல் நம் கையில் உள்ளது. எம் கரையிற் கற்ற ஒரு வித்தையை ஐம்பது ஆண்டுகளாக வளர்க்காது விட்டோம். மற்றொன்றையும் அவ்வாறு விடாதிருப்போமாக.